முப்பத்தைந்து என்று காட்டிய தண்ணீர்

பெயர்: சீனி முகம்மது பின் காதர் மீரா
வயது: 59
தொழில்: துண்டு மொத்த வியாபாரம், சூலியா தெரு, ‘இதம்’ வெந்நீர் நிலையத்தின் உரிமையாளர், டத்தோ கெராமாட் சாலை
இருப்பிடம்: ஜெலுத்தோங், பினாங்கு
நாள்: 26.6.2025, வியாழக்கிழமை, காலை 10.20
மொழி: தமிழ். மொழிபெயர்ப்பாளர் தனலெட்சுமி எழுதிக்கொண்டது.

நான் மேற்படி முகவரியில் முப்பது வருடமாகக் குடியிருந்து வருகிறேன். இது என் இரண்டாவது வாக்குமூலம். முதலாவதை 14.6.2025 சனிக்கிழமை மாலை, என் மனைவி ஜன்னத் பீவி இறந்த அன்று, இதே போலீஸ் நிலையத்தில் கொடுத்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. குளத்துத் தண்ணீரின் சூடு முப்பத்தைந்து டிகிரி என்று சொன்னேன். அது முப்பத்தொன்பது. அந்தப் பொய்யை வைத்துத்தான், ஷர்மினி என்கிற பெண் கவனக்குறைவாக இருந்து என் மனைவியைத் தண்ணீரில் நழுவவிட்டாள் என்று விசாரணை நடக்கிறது. அதைத் திருத்த வந்திருக்கிறேன். என்னை யாரும் கூட்டிவரவில்லை. காரை நானே ஓட்டி வந்தேன்.

நான் பள்ளிக்கூடம் ஆறு வருடம்தான் போனேன். சௌராஸ்தா பாசார் சந்தையில் கைக்குட்டை விற்று ஆரம்பித்து, பிறகு துண்டுக்கு வந்து, இன்று தீவில் இருக்கிற பாதி ஹோட்டல்களுக்குத் துண்டு போடுகிறவன். ஒரு துண்டைக் கையால் தொட்டால் எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் கைக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே இறுகிவிட்டன. நகம் குத்திப் புண்ணாகாமல் இருக்க, கடையிலிருந்து மெல்லிய துண்டைக் கொண்டுவந்து கிழித்து உருட்டி அந்தக் கைக்குள் தினமும் நானே வைப்பேன். பார்க்காத வைத்தியம் இல்லை. அதற்குப் பிறகு பட்டர்வொர்த்தில் ஒருவர் வீட்டு நீச்சல் குளத்தில் ஷர்மினி வெந்நீர் மசாஜ் செய்கிறாள் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். ஷர்மினி, தங்கராஜு என்பவரின் மகள், வயது 31, தாசேக் கெலுகோரைச் சேர்ந்தவள். தாய்லாந்து போய் அந்த வேலையை முறையாகப் படித்தவள்.

அந்த வேலை எப்படி என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். முழங்காலில் இரண்டு மிதவையைக் கட்டி ஆளை மல்லாக்கப் படுக்க வைப்பாள். தன் ஒரு கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துக்கொண்டு, மறு கையால் முதுகையும் தோளையும் அமுக்கிப் பிடித்துவிடுவாள். அதற்குப் பிறகு ஆளை மெதுவாக வளைத்து வளைத்துத் தண்ணீருக்குள் இழுத்துப் போவாள், நீளத் துணியை அலசுவது மாதிரி. காது தண்ணீருக்குள் இருக்கும், முகம் மட்டும் வெளியே. ஒருவருக்கு ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் தலையின் பாரம் அவள் கையில்தான். முதல் நாள் நாற்பது நிமிடம் கழித்து ஜன்னத்தின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாக விரிந்ததைப் பார்த்தேன். பதினோரு மாதத்துக்குப் பிறகு, நான் பிரிக்காமலே அவள் உள்ளங்கையை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு, என்னிடம் ஆயிரக்கணக்கில் துண்டு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்று ஷர்மினியிடம் சொல்லி, டத்தோ கெராமாட் சாலையில் பழைய கிடங்கு ஒன்றை எடுத்துக் குளம் கட்டினேன். அவள் இரண்டு நிபந்தனை வைத்தாள். தண்ணீர் முப்பத்தைந்து டிகிரிதான், அரை டிகிரிகூட ஏறக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று பேர்தான், ஏனென்றால் பிடிக்கிறவளும் அதே தண்ணீரில்தான் நிற்கிறாள். இரண்டுக்கும் சரி என்றேன். சனிக்கிழமை முழுவதும் பெண்களுக்கு என்று ஒதுக்கினோம். அந்த நேரத்தில் ஆண்கள் உள்ளே போகக்கூடாது, நானும் வெளியே மேசையில்தான் இருப்பேன்.

நிலையம் ஆறு மாதம் சுமாராக ஓடியது. வந்தவர்கள் ஒரே குறைதான் சொன்னார்கள். நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ரொஸ்னா ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே மேசைக்கு வந்து, நாலு பேர் கேட்க, “நானா, போர்டுல வெந்நீர்னு போட்டிருக்கீங்க. ஆறிப்போன தேத்தண்ணிய மேசையில வெச்சா என் கடைக்கு ஆள் வருமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்பது வருடமாக வாங்குகிறவர் சொல்வதைக் கேட்டுத்தான் பிழைத்தவன் நான். தடித்த துண்டு கேட்டால் தடித்த துண்டு கொடுப்பேன், அது காயாது என்று தெரிந்தாலும்.

அதற்குப் பிறகு மே மாதம் தொடக்கத்தில் சூட்டை முப்பத்தேழுக்கு வைத்தேன். ஷர்மினி காலையில், சுவரில் சூட்டைக் காட்டும் பலகையில் எண்ணைப் பார்த்ததும் திரும்பக் குறைத்துவிட்டு வந்து, “அங்கிள், இது என்ன சூப்பா? உள்ளே நிக்கிறது நான். பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க வர்றாங்க, மயங்கி விழுந்துடுவாங்க. இன்னொரு தடவை ஏத்தினா நான் நின்னுடுவேன்” என்றாள். சொன்னால் செய்கிறவள். அவள் போனால் ஜன்னத்தைப் பிடிக்க ஆளில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். கொதிகலனைப் பொருத்திய கிஷன் என்பவர், பொருத்தின அன்றே, உள்ளே இருக்கும் கருவி தப்பாக அளந்தால் சரிக்கட்ட ஒரு வழி இருக்கிறது, எத்தனை டிகிரி சொல்கிறோமோ அத்தனையைப் பலகை கழித்துக் காட்டும், ஆனால் நீங்கள் அதைத் தொட வேண்டாம் என்று காட்டிக்கொடுத்திருந்தார். அவர் மேல் குற்றம் இல்லை. 22.5.2025 வியாழக்கிழமை நானே ஒரு டிகிரி கழிக்க வைத்தேன். பலகை முப்பத்தைந்து என்றது, தண்ணீர் முப்பத்தாறு. ஒரேயடியாக ஏற்றினால் உடம்புக்குத் தெரிந்துவிடும் என்று ஆறேழு நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றினேன். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த பிறகு, ஜூன் 11ஆம் தேதி நாலாவது டிகிரி. குளத்தில் ஷர்மினி ஒரு கண்ணாடி வெப்பமானியை மஞ்சள் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டிருந்தாள். அதை முதல் நாளே எடுத்து, உடைந்துவிட்டது என்று சொல்லி, மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அவள் மூன்று தடவை கேட்டாள். தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது, வேறு வெப்பமானி வாங்கித் தாருங்கள் என்றாள். வாங்கலாம், அதுவரை பலகைதான் இருக்கிறதே என்றேன். அவள் பலகையைப் பார்ப்பாள், பிறகு தன் கையைப் பார்ப்பாள். தனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று ஒருநாள் கிளினிக் போய்வந்தாள். வருகிறவர்களோ இப்போதுதான் வெந்நீர் வெந்நீராக இருக்கிறது என்றார்கள். கூட்டம் கூடியது. சனிக்கிழமைக்கு ஐந்து பேர் எழுதினேன். அவள் முகம் சுளித்தாள், ஆனால் பிடித்தாள்.

வியாபாரத்துக்காக மட்டும் செய்தேன் என்று எழுத வேண்டாம். முப்பத்தைந்தில் இரண்டு விரல் விரிந்தது, முப்பத்தொன்பதில் மீதி மூன்றும் விரியும் என்று கணக்குப் போட்டேன்.

14.6.2025 அன்று ஜன்னத் நாலாவது ஆள். பிற்பகல் இரண்டரைக்கு உள்ளே போனாள். அதற்கு முன் ஷர்மினி மூன்று பேரைப் பிடித்திருந்தாள், நடுவில் அரை மணி நேரம்தான் கரையேறினாள். நான் மேசையில் ஹோட்டல் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே சன்னமாகப் புல்லாங்குழல் போட்டிருந்தது. சாதாரணமாக அதற்கு நடுவே ஷர்மினி மூச்சை இழுங்க, விடுங்க என்று சொல்வது கேட்கும். சுமார் மூன்றே காலுக்கு அந்தச் சத்தம் இல்லை என்று தோன்றியது. இரண்டு நிமிடம் பொறுத்தேன். பெண்கள் நேரம் என்று பொறுத்தேன். அதற்குப் பிறகு கதவைத் தட்டினேன், பதில் இல்லை, திறந்துகொண்டு போனேன்.

ஷர்மினி படிக்கட்டின் மேல் குப்புற விழுந்துகிடந்தாள். முகம் மட்டும் கல்லின் மேல், உடம்பு தண்ணீரில். நடுக்குளத்தில் ஜன்னத்தின் இரண்டு முழங்கால்களும் மிதவையோடு மேலே தெரிந்தன. மிதவை காலைத் தூக்கியதால் தலை கீழே போய்விட்டது. நான் சட்டை செருப்போடு இறங்கினேன். இடுப்பளவு இறங்கியதுமே தண்ணீரின் சூடு எனக்குத் தெரிந்தது. ஜன்னத்தைக் கரையில் போட்டு நெஞ்சை அமுக்கினேன். அதற்குப் பிறகு ஷர்மினி எழுந்து வாந்தி எடுத்துவிட்டு, தள்ளாடி வந்து, என்னை விலக்கிவிட்டு அவளே ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கினாள். மருத்துவமனையில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை போலீஸார் குளத்தைப் பார்வையிட்டு, பலகையைப் படம் எடுத்தார்கள். அதிகாரி எண்ணைச் சத்தமாகப் படித்து, சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன். ஷர்மினி, தனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அதற்கு மேல் நினைவில்லை என்றாள். முப்பத்தைந்து டிகிரியில் ஆரோக்கியமான பெண் ஏன் மயங்க வேண்டும் என்று அதிகாரி கேட்டார். பதில் தெரிந்த நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மறுநாள் காலை பலகையைப் பழையபடி திருத்திவிட்டு, சுத்தம் செய்கிறேன் என்று சொல்லித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டேன்.

பிரேதப் பரிசோதனை முடிந்து ஞாயிறு பிற்பகல் மய்யித்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டும்போது புருஷன் நிற்கலாம் என்பதால் நானும் நின்றேன். ஜன்னத்தின் தங்கை லைலா தண்ணீரை விளாவிக் கொண்டுவந்து, மய்யித்துக்கு வெதுவெதுப்பாகத்தான் ஊற்ற வேண்டும், அதிகம் சுடக்கூடாது என்று சொல்லி, “மச்சான், உங்க கைக்குத்தான் தெரியும். தொட்டுப் பாருங்க” என்றாள். நான் வாளியில் கையை விட்டேன். முப்பத்தைந்துதான். நன்றாகத் தெரிந்தது. சரி, ஊற்று என்றேன். இடது கை மூடியே இருந்தது. லைலா அதன் மேல் திரும்பத் திரும்ப ஊற்றினாள். திறக்கவில்லை. மூடினபடியே கபன் துணியில் சுற்றினோம்.

அதற்குப் பிறகு ஜன்னத்தின் தம்பி இஸ்மாயில் ஷர்மினி மேல் புகார் கொடுத்தார். நான் தடுக்கவில்லை. அவளைக் காவலில் வைத்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள். அவள் படத்தைப் போட்டுக் கொலைகாரி என்று எழுதினார்கள். அதையும் என் போனில் பார்த்தேன்.

நேற்று, 25ஆம் தேதி, பிற்பகல் ஷர்மினி தன் அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். இஸ்மாயில் வாசலை மறித்துக்கொண்டு, “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே?” என்று கேட்டார். அவள் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே நின்றார். அவள் குளத்துச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, “நான்தான் விட்டுட்டேன் அங்கிள். என் கைதான் விட்டுச்சு” என்றாள். பிறகு, தண்ணீர் சூடாக இருந்ததா என்று தன் வக்கீல் துருவித் துருவிக் கேட்டதாகவும், அப்படிச் சொன்னால் தப்பிக்கலாம் என்று அவர் சொன்னதாகவும் சொல்லிவிட்டு, “இல்லை, முப்பத்தைந்துதான்னு சொல்லிட்டேன். பொய் சொல்லித் தப்பிக்க வேண்டாம். அங்கிள் தன் சொந்த மனைவியைச் சுடுதண்ணியிலே இறக்குவாரான்னு கேட்டேன்” என்றாள். அவர்கள் தாசேக் கெலுகோர் திரும்பப் போனார்கள். நான் சாவியோடு அஸர் தொழுகை நேரம் வரைக்கும் வாசலில் நின்றிருந்தேன்.

பூட்டியிருந்த வெப்பமானியை மஞ்சள் கயிற்றோடு இப்போது ஒப்படைக்கிறேன். பலகையின் கணக்கை மாற்றினால் அதன் பதிவில் தேதி நிற்கும் என்று கிஷன் அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம்.

அதிகாரி கேட்ட கேள்வி: தண்ணீர் சூடாக இருப்பதாக இறந்தவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

பதில்: சொன்னாள். வரிசையாகச் சொல்லிவந்ததில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். 14ஆம் தேதி இரண்டரைக்கு, முதல் படியில் காலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அப்போது ஷர்மினி உடைமாற்றும் அறையில் இருந்தாள், அதனால் நான்தான் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்விட்டேன். ஜன்னத்துக்கு வாய் குழறும், ஆனால் இது தெளிவாக வந்தது. “தண்ணி ரொம்ப சுடுதுங்க. இன்னைக்கு வேணாமே” என்றாள். நான் சுவரில் இருந்த பலகையைக் காட்டி, “முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு பாரு. உனக்குத்தான் அப்படித் தெரியுது” என்றேன். அவள் கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மேலே எழுதியிருப்பதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை. யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. இதில் அடிக்கவோ சேர்க்கவோ எனக்கு வேறொன்றும் இல்லை.

(ஒப்பம்) சீனி முகம்மது
26.6.2025, பகல் 12.45