டெஸ்ஸாவுக்கென்று ஒரு சர்வர்

எனக்கு மாணவர்களின் பெயர்கள் சீக்கிரம் மனதில் பதிந்துவிடும். யாருக்கு ஜன்னலோர நாற்காலி பிடிக்கும், யார் கையுறையை மறந்து வைத்துவிட்டுப் போவார்கள் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். நல்ல ஆசிரியராக இருக்க அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மேடம்.

டுலூத் நகரில் ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் கல்லூரியில் நான் சொல்லிக்கொடுப்பது ஒரு வகைக் காவல் வேலை. திருடன் எந்த வழியில் வருவான் என்று தெரிந்தால்தான் வீட்டைப் பூட்ட முடியும். அதனால் ஒரு லினக்ஸ் சர்வரில் வேண்டுமென்றே ஓட்டைகளை விட்டுவைத்து, மாணவர்களை உள்ளே புகச் சொல்வேன். புகுந்தவர் அந்த இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் பிடிக்க வேண்டும். அதற்கு ரூட் என்று பெயர்.

வகுப்பில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. எந்த இயந்திரத்தைத் தொடும் முன்பும் அது நம்முடையதா என்று உரக்கக் கேட்க வேண்டும். நான் ஆமாம் என்ற பிறகே கை வைக்கலாம். இது நான் வைத்தது. மற்றது அவர்களே உண்டாக்கியது. முதலில் ரூட் பிடித்தவர் இயந்திரத்தை அணைத்துவிடுவார். மற்றவர்களின் திரைகள் அப்படியே செத்துப்போகும். கத்துவார்கள், காகிதத்தைக் கசக்கி எறிவார்கள். நான் தடுத்ததில்லை. பனிக்காலத்தில் பிள்ளைகளுக்குச் சிரிக்க வேறு என்ன இருக்கிறது?

அந்தப் பயிற்சி சர்வரை நான் முதலிலிருந்து கட்டவில்லை. பிர்ச் ஹில் முதியோர் குடியிருப்பைச் சூடாக வைத்திருக்கும் கொதிகலன்களை இயக்கும் சர்வரைப் பல வருடங்களாக நான்தான் பராமரித்து வந்தேன். அதை நகலெடுத்து, மூன்று ஓட்டைகள் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தேன். சோம்பல்தான் காரணம்.

டெஸ்ஸா போல்யூ க்ளோக்கேயிலிருந்து பேருந்தில் வருவாள். அவள் அப்பா சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். நகத்தைக் கடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்; திடீரென்று தட்டத் தொடங்குவாள்.

"தாயே, இன்னைக்காவது அணைச்சிடாத. நான் இன்னும் வாசலையே கண்டுபிடிக்கல," என்றான் பக்கத்தில் இருந்த ப்ரோடி காங்கஸ்.

"நீ வாசலைத் தேடிக்கிட்டே இரு. நான் உள்ள போய் சாப்பிட்டு ஏப்பம் விட்டாச்சு," என்றாள். எல்லாத் திரைகளும் இருண்டன.

"எந்த ஓட்டை? பழைய பாஸ்வேர்டா?" என்று கேட்டேன்.

"இல்ல வாரன். பிரிண்டர் புரோகிராம் ஒண்ணு சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சே, அது வழியா. அங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கீங்களே, சரியான ஆளு நீங்க."

நான் அதை ஒளித்து வைக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ப்ரோடி என் முகத்தைப் பார்த்தான்.

"ஏய், இது வாரனுக்கே தெரியாதுடோய்!"

வகுப்பு சிரித்தது. அன்பான சிரிப்புதான். நானும் சிரித்தேன்.

நான் போடாத ஓட்டை என்றால், அது அசலிலும் இருக்கிறது என்று பொருள். வீட்டுக்குப் போய் பிர்ச் ஹில் சர்வரைத் திறந்து பார்த்தேன். இருந்தது. ஒரே கட்டளையில் அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. பயம் இல்லாத திறமை ஆபத்தானது, அதை அவளுக்கு யாராவது கற்றுத்தர வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

டெஸ்ஸாவுக்கு எண்கள் இடம் மாறிவிடும். வகுப்பே அறிந்த விஷயம். "இவ பீட்சாவுக்கு போன் போட்டா பல் டாக்டர் எடுப்பாரு," என்பான் ப்ரோடி. அதனால் அவளுக்கு மட்டும் இயந்திரங்களின் முகவரி எண்களை எப்போதும் எழுதியே கொடுப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கவில்லை. அவள் பக்கம் குனிந்து, "உனக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சிருக்கேன். நான் போட்ட மூணு ஓட்டையும் இதுல கிடையாது. கடைசி எண் நாப்பத்தொண்ணு," என்றேன். கல்லூரியிலிருந்து பிர்ச் ஹில்லுக்கு எனக்கு ஓர் இணைப்பு உண்டு. அந்தச் சர்வரின் கடைசி எண்தான் நாற்பத்தொன்று.

"நம்மளோடதா?" என்று வழக்கம்போல உரக்கக் கேட்டாள்.

"நம்மளோடதுதான்."

அதைப் பராமரிப்பவன் நான். ஆகவே அது முழுப் பொய் அல்ல என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

என் காபி ஆறுவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்த்தாள். "அணைச்சிடட்டா?"

"வழக்கம்தானே," என்றேன்.

கொதிகலன்கள் நின்றன. அன்று ஏரியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு குளிர் இருந்தால்தான் அப்படி எழும். என் திட்டத்தில் கொடுமை எதுவும் இல்லை. கிழவர்கள் சிறிது நேரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முணுமுணுப்பார்கள். நான் வீட்டிலிருந்தே சர்வரை எழுப்பிவிடுவேன். திங்கட்கிழமை டெஸ்ஸாவிடம், நான் பதினாலு என்றுதான் சொன்னேன், நீ மாற்றி அடித்துவிட்டாய் என்பேன். அதற்காகப் பதினான்கு என்று ஓர் இயந்திரத்தை வியாழக்கிழமையே செய்து வைத்திருந்தேன். நீங்கள் அதைக் கண்டுபிடித்து, என் பேச்சுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள்.

நான்காம் மாடியில் ஐலி ரந்தனன் என்ற அம்மாள் தனியாக இருந்தார். குளிர் ஏறியதும் ஜன்னல் இடுக்குகளில் துண்டுகளைச் செருகினார். பிறகு கேஸ் அடுப்பின் அடியிலிருக்கும் சூட்டறையைப் பற்றவைத்து, கதவைத் திறந்துவிட்டு, அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இங்கே வளர்ந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் விஷப் புகை சேரும்; அந்தப் புகைக்கு வாசனை கிடையாது. நாற்காலியிலேயே இறந்துகிடந்தார்.

மறுநாள் காலை, விசாரணைக்கு வந்தபோது, உங்கள் அலுவலக வாசலில் டெஸ்ஸாவைப் பார்த்தேன். திங்கட்கிழமைக்கு வைத்திருந்ததை அங்கேயே சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை. ப்ரோடி அழுதுகொண்டே உங்களிடம், "அவ எப்பவும் அப்படித்தான், வேணும்னு செய்யல," என்றான். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னான்.

நேற்று அவள் அப்பா என் வீட்டுக்கு வந்தார். ஏரி மீனைப் புகையில் வாட்டி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"குத்தத்தை ஒத்துக்கப் போறாளாம். வக்கீலே வேணாம்னு சொல்லியும் கேக்கல. ஒரு உயிர் போயிருக்குப்பா, நான்தானே அணைச்சேன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றா," என்றார். பிறகு, "எல்லாரும் விலகிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் அவளைக் கைவிடல," என்று பொட்டலத்தை நீட்டினார். அவர் பூட்ஸிலிருந்து உருகிய பனி என் மிதியடியில் ஊறிக்கொண்டிருந்தது. மீன் இன்னும் சமையல் மேடையில்தான் இருக்கிறது. என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு கைபேசி காரில் இருந்தது, மணி கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அது மேசைமேல், என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பிர்ச் ஹில் என்று பெயர் ஒளிர்ந்தது. அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது. எடுத்திருந்தால் சரிசெய்திருக்க வேண்டும். சீக்கிரம் சரிசெய்தால் அவளுடைய தவறு சிறியதாகிவிடும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு முடித்தேன். அவளிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடுமையான வார்த்தைகள் எதுவும் இல்லை. நான் அவளை மன்னிக்கவிருந்தேன்.

மன்னித்தும்விட்டேன். உங்கள் அலுவலகத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், அவள் தோளில் கை வைத்து, "தப்பு எல்லாருக்கும் நடக்கும், நான் உன் பக்கம்தான் இருக்கேன்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

ஐலி ரந்தனனைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டெஸ்ஸாவிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், மேடம். அவளுக்கு என்மேல் மரியாதை அதிகம்.