உள்ளங்கையில் பச்சைப் பொடி

சோறு பதமாக வேகவைப்பதில் எங்கள் கரும்பு வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. குழைந்தால் பூஞ்சை வளராது. பருக்கை பருக்கையாக நின்றால் பத்தே நாளில் பை முழுக்கப் பச்சை படியும். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்துவிட்டு, அலகோவாஸ் மாநிலத்தில், பூச்சியைக் கொல்லும் பூஞ்சையை வளர்த்து விற்கும் வால்டெமிரின் கூடத்தில் நான் பார்த்த வேலை இந்தச் சமையல்தான். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

பூஞ்சை நேர்மையானது. அதன் வித்து, கரும்பின் சாற்றை உறிஞ்சும் நுரைப்பூச்சியின் தோலில் ஒட்டும், துளைக்கும், உள்ளே கிளைவிடும். பூச்சி தெரியாமல் நடமாடிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் விறைத்து, மேலெல்லாம் பச்சை பூக்கும். அந்த ஒரு வாரம்தான் வியாபாரத்துக்கு ஒத்துவரவில்லை.

"உன் பூஞ்சை பூச்சியக் கொல்லுதா, இல்ல பொண்ணு பாத்துக் கல்யாணம் கட்டி வைக்குதா, வால்டெமிரு?" என்று சந்தையில் ஒரு கரும்புக்காரர் கேட்டார். கூட்டம் சிரித்தது.

மறு வாரமே கூடத்துக்கு ஒரு மூட்டை வந்தது. தடை செய்யப்பட்ட பூச்சிமருந்துப் பொடி. அது பூஞ்சையோடு கலக்கப்பட்டது. பூச்சிகள் மறுநாளே செத்தன. பையின் மேல் 'நஞ்சில்லா உயிர்மருந்து' என்ற எழுத்து மட்டும் மாறவில்லை.

என் மனைவி மார்லூசி அதைத் தூவும் கூலிப்பெண். கூடைக்குள் வெறுங்கையை விட்டு அள்ளி, கரும்பின் தூரில் வீசுவாள். மருந்தடிக்கிறவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் உண்டு. பூஞ்சை தூவுகிறவர்கள் அவற்றைப் போட்டதில்லை. போட்டால் கேலி செய்வார்கள். மே மாதப் புழுக்கத்தில், தூவத் தொடங்கிய மூன்றாம் நாள், வரப்பில் விழுந்தாள். எச்சில் ஒழுகியது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. இருபத்தாறு வயது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாரு, டாக்டரே. மனசத் தேத்திக்கோ" என்றார் வால்டெமிர். படித்தவன் என்பதால் என்னை அப்படித்தான் அழைப்பார். வீட்டுக்கு உப்பிறைச்சி கொடுத்தனுப்பினார்.

ஒவ்வொரு ஜூனிலும், யோவான் திருநாளுக்கு முன், விவசாயிகளைத் தோட்டத்தில் கூட்டுவார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பொடியை உள்ளங்கையில் கொட்டி, எல்லோர் முன்னாலும் நக்கிக் காட்டுவார். "என் மாமியா சமையலுக்கு இது எவ்வளவோ மேல்!" என்பார். அந்தப் பொட்டலம் தனி. சுத்தமான பூஞ்சை. வருடா வருடம் அதைக் கட்டித் தருகிறவன் நான்.

இந்த வருடம் விற்பனை அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"நீ கட்டினதுதானே, டாக்டரே?"

"நான் கட்டினதுதான், ஐயா."

அது பொய்யில்லை.

வால்டெமிர் நாக்கு நுனியால் மட்டும் தொட்டதும், சந்தையில் கேலி செய்த அந்தக் கரும்புக்காரர் விடவில்லை. "என்னப்பா, முத்தமா குடுக்கிற? வழிச்சு நக்கு!" வால்டெமிர் வழித்து நக்கினார். கைதட்டினார்கள். அதன் மேல் காப்பியும் குடித்தார். சோளப்புட்டு பரிமாறுவதற்குள் தடுமாறினார். அவருக்கு என்ன ஆகிறது என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.

விஷம் வைத்துக் கொன்றேன் என்கிறீர்கள். நான் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. விற்றதையே தின்றார். மன்னிப்புக் கேட்டதாக எழுதாதீர்கள். கேட்கவில்லை.

சேர்க்கவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்கிறீர்கள். அளவு எனக்கு மனப்பாடம். கூடத்தில் அந்த மருந்தை நிறுத்துக் கலக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மே மாதச் சரக்குக்கு வால்டெமிர், "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். போட்டேன்.

அதைத் தூவத் தொடங்கிய இரண்டாம் நாள் சாயங்காலம் மார்லூசி சொன்னாள்: "நில்டோ, கையெல்லாம் எரியுதுப்பா. நாளைக்கு உன் உறையப் போட்டுக்கிட்டுப் போகட்டா?"

"பூஞ்சைக்கு எவளாவது உறை போடுவாளா? ஊரே சிரிக்கும்டி" என்றேன். வேறு என்ன சொல்வது? எதற்கு உறை என்று ஊர் கேட்டால் என் வேலை போயிருக்கும்.

அவளைக் கொன்றது வால்டெமிர்தான். அதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.