டெல்பர்ட் கேட்ட அனுமதி

யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டிவிட்டு இரண்டடி தள்ளி நிற்பது என் வழக்கம். டெல்பர்ட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

எங்கள் மலை உச்சியில் இருக்கும் ரிப்பீட்டரை என் கணவர் கஸ்ஸும் நானும் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டுபோய் நிறுவினோம். பள்ளத்தாக்கில் யாராவது கைவானொலியில் பேசினால், அதை வாங்கி மலை தாண்டி அனுப்பும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பதிவு செய்துவைத்த கஸ்ஸின் குரல் அதன் அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லும். அவர் போன பிறகு எனக்கு மிஞ்சிய குரல் அதுதான்.

அடக்கம் முடிந்த வாரமே, அவருடைய நண்பர் டெல்பர்ட் வடக்கே இருந்த தன் ரிப்பீட்டரை எங்களுடையதோடு இணைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய ஆட்கள் மீன் பிடித்த கதையும் முட்டிவலியும் பேசப் பேச, கஸ்ஸின் குரல் அடியில் அமுங்கிப்போனது. போய்ச் சொன்னேன். "கஸ் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு லோர்னா" என்று சிரித்தார். மறுநாள் இணைப்பைத் துண்டித்தேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு.

நான்கு வருடம் கழித்து, ஆகஸ்டில் காடு தீப்பற்றியது. செல்போன் கோபுரம் எரிந்துபோன பிறகு, மதியம் இரண்டு மணிக்கு டெல்பர்ட் தன் ரிப்பீட்டர் வழியே என்னைக் கூப்பிட்டார். அவர் மகள் கொரீன் குதிரைகளோடு தெற்குப் பள்ளத்தாக்கில் இருந்தாள். அவள் கைவானொலிக்கு என் ரிப்பீட்டர் மட்டுமே எட்டும்.

"லோர்னா, தப்பு என்மேலதான். அன்னைக்கே உங்ககிட்ட கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன், இணைப்பைக் குடுங்க. ஆத்துப் பாதையில நெருப்பு வந்துடுச்சு. கொரீன் அந்தப் பக்கம் போகக் கூடாது."

மரியாதையாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது குரல் கம்மியிருந்தது. மூன்றாம் முறை அழுதார்.

என் ரிப்பீட்டருக்கென்று பக்கத்தில் வைத்திருந்த இன்னொரு வானொலியில் கொரீன் பேசினாள். "யாராவது இருக்கீங்களா? மேட்டுப் பாதையில போறதா, ஆத்துப் பாதையில போறதா?"

இணைப்புகூட வேண்டியதில்லை. நானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பேசி முடித்ததும் கஸ் அழைப்புக்குறியைச் சொன்னார். அத்தனை தெளிவாகக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

தீயைப் பற்றி விசாரித்தபோது, கருவி பழுதாகிவிட்டது என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னேன். பழுதெல்லாம் இல்லை. முதல் தடவையே எனக்குக் கேட்டது. கொரீன் ஆற்றுப் பாதையில் போனாள்.

டெல்பர்ட் கேட்ட அனுமதியை அன்று மாலையே கொடுத்துவிட்டேன். இணைப்பு இன்றும் திறந்துதான் இருக்கிறது. அவர் பக்கத்திலிருந்துதான் யாரும் பேசுவதில்லை.