தனிச் சுத்து

– மறுபடியும் வுழுந்துட்டியா? கைய வுட்டதும் நீ ஏன் என் பக்கமே திரும்ப மாட்டேங்கிற?

– தல சுத்துதுங்க. நீங்க புடிச்சிருந்தா ஒழுங்காத்தான் சுத்தறேன். வுட்டதும் கால் எங்கியோ போவுது.

– டான்ஸ் சொல்லிக் குடுத்த யுவராணி மாஸ்டர் என்ன சொன்னாங்க? ஒரே எடத்தப் பாத்துக்கிட்டே சுத்தணும். ஒடம்பு திரும்பினாலும் கண்ணு அங்கதான் வந்து நிக்கணும். அந்த எடம் என் மூஞ்சி.

– அதத்தாங்க பாக்குறேன்.

– பொய். நீ மண்டபத்து வாசலப் பாக்குற ஜாஸ்மின். அதான் அந்தப் பக்கமே போயி வுழுவுற.

– இந்த டான்ஸே வேணாங்க. சாயங்காலம் ரிசப்ஷன்ல பாலக்கோடு ஊரே சிரிக்கப் போவுது.

– சிரிக்கட்டுமே. சோறு போடறோம், கூடச் சிரிப்பும் போட்டதா இருக்கட்டும்.

– உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு. நாளைக்குக் காலையில தாலி. அது நல்லபடியா முடிஞ்சாப் போதும்.

– சரி, உன்ன மாத்த முடியாது. நானே வாசல்கிட்ட போயி நிக்கிறேன். அங்கயே பாத்துச் சுத்து.

– வேணாங்க. அங்க நிக்காதீங்க.

– யாரத் தேடுறன்னு எனக்குத் தெரியாதா? சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நேத்து மொரப்பூர் போனேன். உங்க வூட்டுக்கு.

– ஏசப்பா. எங்க வூட்டுக்கா?

– உங்கம்மா காப்பி குடுத்தாங்க. ரெண்டாந் தடவயும் ஊத்துனாங்க. உங்கப்பா மொத மொதலா என் பேரச் சொன்னாரு. ‘வரேன் சிவக்குமாரு’ன்னாரு. ஆடி மாசம் நாம கல்யாணம் பண்ணிக்கப் போனப்ப ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல, பெத்த பொண்ணு கால்லயே வுழுந்து உன்னத் திருப்பிக் கூட்டிட்டுப் போன மனுசன். நீ மறுபடி எங்கிட்ட வந்த பொறவும் வரேன்னாரே, நல்லவருதான். யாராவது வூடு தேடிப் போயி கூப்புட்டிருக்கணும், அவ்ளோதான். ஏன் உக்காந்துட்ட?

– எப்ப வராரு?

– பஸ் ஏறிட்டாராம். மொத வரிசையில நாற்காலி போட்டு வச்சிருக்கேன். ஏம்மா அழுவுற? இதுக்குத்தான அந்த வாசலையே பாத்துக்கிட்டு இருந்த?

– வரணும்னு பாக்கலைங்க. வந்துருவாரோன்னு பாத்தேன். அன்னைக்கும் உங்க கையப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்னேன். இன்னொரு தடவ கால்ல வுழுந்தாருன்னா, நான் போயிருவேங்க.