சாகுபடிக் கணக்கில் ஒரு காமெடியன்

குடவாசல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பையன்கள். தாடி வைத்தவன் சொன்னதைக் கேட்டதும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

"மச்சான், உங்க அப்பா வயலுக்கு இப்ப நான்தான்டா விவசாயி."

கண்ணாடி போட்டவனுக்கு முகம் வாடிப்போயிருந்தது.

"விளையாடாதடா. அது குத்தகை நிலம். சாகுபடிக் கணக்குல அப்பா பேரு இல்லேன்னா நிலத்துக்காரர் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

"நம்ம காமெடி குரூப் பாட்டு வீடியோவுக்குத்தானே அந்த வயல்ல நடவு நட்டேன்? வி.ஏ.ஓ. வந்து யாரு நட்டதுன்னாரு. சும்மா தமாஷுக்கு நான்தான்னேன். கணக்குல என் பேரை எழுதிட்டாரு."

"சரி, இன்னைக்கு அவர் ஆபீஸ்ல, நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அவர்கிட்ட என்ன சொன்ன?"

"மேடையில காமெடி பண்றவன் சார், பேரை எடுத்துடுங்கன்னேன். எங்க, ஒரு ஜோக் சொல்லுங்கன்னாரு. மூணு சொன்னேன். சிரிக்கவே இல்ல. நீங்க விவசாயியேதான்னுட்டாரு."

"வீடியோவைக் காட்டலியா?"

"காட்டினேன். அதுலயும் நான்தானே நடுறேன்."

அப்போது கண்ணாடிக்காரனின் போன் அடித்தது. அவன் அப்பா பேசியது எனக்கே கேட்டது.

"தம்பி, அந்தப் பையன் நட்ட நாத்து பூரா தண்ணில மிதக்குதுப்பா! வி.ஏ.ஓ.வைக் கையோட கூட்டிட்டு வா. பாத்தார்னா அவரே பேரை அடிச்சிடுவாரு."

சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கண்ணாடிக்காரன் எழுந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். தாடிக்காரன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இருடா, மேடையில சொல்லணும். உங்க அப்பா எந்த இடத்துல சிரிச்சாரு?"