பீலித் தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் முச்சக்கர வண்டிச் சாரதிகள் சங்கத்தின் உபதலைவர் ரவிகுமார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கிராம சேவகர் சுதர்சினி அவர்களே, அண்ணனின் குடும்பத்தாரே, தெல்தோட்டைப் பெருமக்களே! சங்கச் செயலாளர் அர்கமின் வணக்கமும் ஸலாமும் உங்கள் எல்லோருக்கும்.

எங்கள் தலைவர் கறுப்பையா அண்ணன் மறைந்துவிட்டார். அவருடைய ஆட்டோவில் ஏறி, வாயைத் திறக்காமல் இறங்கிய ஒருவர் இந்தச் சபையில் உண்டா? இருந்தால் கையை உயர்த்துங்கள், பார்ப்போம்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அண்ணனுக்கு அதுதான் பிடிக்கும்.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் நோயைக் கேட்பார். அதோடு விடுவாரா? ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்பது வரை கேட்பார். "இந்த மனுஷன் துளைத்தெடுக்கிறார்" என்று சங்கத்துக்கு முறைப்பாடே வந்தது. தலைவர் என்ற முறையில் அதை விசாரித்தவரும் அவரே! முறைப்பாடு செய்தவரை அழைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, பொழுது சாயும் வரை பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அதன்பிறகு வேறு ஆட்டோவில் ஏறவே இல்லை.

வம்பளக்கவா கேட்டார்? இல்லை. ஒருவர் வீட்டுச் சண்டையை இன்னொருவர் காதில் கொண்டுபோய்க் கொட்டியதில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான்.

போன அடைமழைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், லயத்து வரிசை வீட்டில் இருந்த ராக்கம்மா அக்காவை ஏற்றிக்கொண்டு போகிறார். "இன்னைக்கு என்னக்கா சமையல்?" என்கிறார். இதெல்லாம் ஒரு கேள்வியா?

"என்னத்த சமைக்க? மலையிலருந்து பீலியில வர்ற ஊத்துத் தண்ணி ஒரே கலங்கலா இருக்கு தம்பி."

"மழைக்கு அப்படித்தானே வரும்?"

"மழை விட்டும் தெளியலையே."

"அப்புறம்?"

"லயத்துக்குப் பின்னால புதுசா ஒரு ஊத்து வேற கிளம்பியிருக்கு."

இதன் பொருள் அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாது! தெரியாததால்தான் அடுத்து ஏறியவரிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அதற்கு அடுத்தவரிடமும் கேட்டார். பிறகு ஏறியவர் நமது சுதர்சினி மிஸ். மண்சரிவு வருமுன் இப்படி நடக்கும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். அந்தப் பீலி கலங்கியிருப்பது அண்ணன் கேட்டபோதுதான் தெரிந்தது; உடனே லயத்தைக் காலி செய்யச் சொன்னார். இருட்டுவதற்குள் லயத்து மக்கள் எல்லோரும் பாடசாலைக்கு வந்துவிட்டார்கள். விடியும்போது லயம் மண்ணுக்கடியில் கிடந்தது. அண்ணன் அன்று பேசாமல் வண்டியை ஓட்டியிருந்தால், எத்தனை பேருக்கு நாம் இரங்கல் கூட்டம் நடத்தியிருப்போம்!

இன்று ராக்கம்மா அக்கா இந்தக் கூட்டத்துக்கு என் ஆட்டோவில்தான் வந்தார். நான் பாதையை மட்டும் பார்த்து ஓட்டினேன். இறங்கும்போது கேட்டார்: "ஏன் தம்பி, நீங்க ஒண்ணுமே கேக்க மாட்டீங்களா?"

தோழர்களே, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டுப் பாதையை மட்டும் பார்த்து ஓட்டுவது இன்றோடு போதும். நம் ஸ்டாண்டில் எந்த வண்டியிலும் அண்ணனின் பேச்சு நிற்காது. இது சங்கத்தின் உறுதி!

ராக்கம்மா அக்கா, திரும்பிப் போறப்பவும் என் ஆட்டோவிலேயே வாங்க. புது வீட்டுல தண்ணி எப்படி வருதுன்னு கேப்பேன். அப்புறம் என்னன்னும் கேப்பேன்.