சகலையின் கன்சோலுக்கு மூச்சு முட்டிய விதம்

கன்சோல்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. சர்வீஸ் சென்டரிலிருந்து இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது கணினிக்கு முன்னால் உட்காருவதற்கென்றே வாங்கியது. இந்த ஸ்டூல் வசதியாகத்தான் இருக்கும்.

நான் மெத்தைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். ஒரு மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தே அது எந்த இடத்தில் குழி விழும் என்று சொல்லிவிடுவேன். நிதானமான வேலை. ஆளும் நிதானம்தான். மேல்மாடியில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். கீழே என் கொழுந்தியாள், அவள் கணவர், அதாவது என் சகலை. அவர்களோடு மாமனார். ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. இந்த வீட்டில் இதுவரை சண்டை என்று ஒன்று நடந்ததில்லை. வேண்டுமானால் கீழே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதோ இந்தக் கணினியை நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். கிராபிக்ஸ் கார்டு வந்த அன்று வேலைக்கு லீவு போட்டேன். திரவத்தால் குளிரூட்டும் குழாய் இது. இந்த விளக்குகள் மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும், இப்போது நீலமாக இருக்கிறது பாருங்கள். பக்கவாட்டுக் கண்ணாடியை நான் மட்டும்தான் துடைப்பேன். மனைவி ஒரு முறை சமையலறைத் துணியால் துடைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பேசவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் சகலை உங்கள் கம்பெனியின் புதுக் கேம் கன்சோல் பெட்டியை வாங்கி வந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரு விஷயத்தைத் தெரியாமலே தெரிந்த மாதிரி பேசுவதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. படிக்கட்டில் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார்:

"சகலை, உங்க மெஷின் செய்றதை எல்லாம் இது செய்யுதாம். விலையைப் பாத்தா உங்க கிராபிக்ஸ் கார்டுகூட அந்தக் காசுக்கு வராது."

நான் சிரித்தேன். பொறுமையாக விளக்கினேன். உங்கள் பெட்டியைக் குறைத்துப் பேசவில்லை, கெட்டிக்காரத்தனமான பெட்டிதான். அதில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சில்லுக்குள் குடியிருக்கின்றன, மெமரியும் பொது. கூட்டுக் குடும்பம். என்னுடையதில் தனிக்குடித்தனம். பிராசசருக்கு அதன் ரேம், கிராபிக்ஸ் கார்டுக்கு அதன் சொந்த மெமரி, யாரும் யார் பாத்திரத்திலும் கைவைப்பதில்லை. வேண்டும்போது எதையும் கழற்றி இன்னும் நல்லதாக மாற்றலாம். உங்கள் பெட்டியில் வாங்கிய அன்று என்ன இருக்கிறதோ அதோடு சரி. ஒரு நொடிக்குத் திரையில் எத்தனை படம், அதாவது எத்தனை ஃபிரேம் என்று பார்த்தால் என்னுடையது இரண்டு மடங்கு.

"அவ்வளவு ஃபிரேம் மனுஷக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது சகலை," என்றார் அவர். "நான் கண்ணுத் தொழில்ல இருக்கறவன்."

பிரேம் போட்டுக் கண்ணாடி விற்கிறவர் ஃபிரேமைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறார். அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் மாமனாரிடம்தான் ஆரம்பித்தது. தொலைதூரப் பேருந்து ஓட்டியவர் அவர். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "ரெண்டாவது கியர்லயே இழுக்கறான், இன்ஜின் போயிரும்," என்று யாரிடமோ சொல்வார். வேறு பேச்சு இருக்காது. சாப்பாடும் குறைந்துவிட்டது.

சகலை அந்தப் பெட்டியில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தார். முதல் நாள் லாரி வயலுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் மாமனார் குளித்து, சட்டையின் மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று ஒரு கீறல் இல்லாமல் மலைப்பாதையைக் கடந்தார். கொழுந்தியாள் வளர்க்கும் பூனை அவர் பக்கத்திலேயே உட்காரும். அதற்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தார். வளைவு வந்தால், "கண்டக்டர், இடது பக்கம் பாருய்யா," என்பார். பூனை உண்மையிலேயே பார்க்கும்.

சாயங்காலம் ஆனால் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான். சகலை, கொழுந்தியாள், என் மனைவி, எல்லோரும் பயணிகள் மாதிரி அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். சிரிப்புச் சத்தம் மேல்மாடி வரை கேட்கும். "அப்பா இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு, நீங்களும் வாங்களேன்," என்று மனைவி கூப்பிட்டாள். எனக்கு இங்கே ஒரு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்பது என் கொள்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணினியைக் கீழே இறக்கினேன். சகலை ஒரு பக்கம் பிடிக்க வந்தார், நான் தொட விடவில்லை. அதே லாரி, அதே சாலை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரை. உங்கள் பெட்டியில் பட்டனை அமுக்கினார்கள், லாரி கிளம்பிவிட்டது. என் கணினி, 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். கொழுந்தியாள் டீ போட்டுக் கொடுத்தாள். டீ தீர்ந்தது.

"என்ன மாப்பிள்ளை, வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போயிருக்கா?" என்றார் மாமனார். என் மனைவியும் சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

கடைசியில் ஓடியது. அற்புதமாக ஓடியது. மழைத்துளி ஒவ்வொன்றிலும் தெருவிளக்கு தெரிந்தது. மாமனார் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தார். தீர்ப்பு சொல்லும்போது அவர் முகத்தில் எந்த ஓரவஞ்சனையும் இல்லை.

"ரெண்டும் ஒரே ரோடுதான் மாப்பிள்ளை. ஆனா உங்க வண்டியில இன்ஜின் சத்தம் ஜாஸ்தி. இதுல சத்தமே இல்ல."

ஒரு கண் தெரியாதவர். அவரைப் போய் நடுவராக வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு தொழில்நுட்பக் கேள்வி இருந்தது. இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு சூட்டை வைத்துக்கொண்டு, எப்படிச் சத்தம் இல்லாமல் இருக்கிறது? பெரிய ஃபேன் ஒன்று, பின்பக்கம் முழுக்கத் திறந்த காற்றுவழி. அதாவது காற்று இருக்கும்வரைதான் அதன் அமைதி. காற்று இல்லாவிட்டால்? தரக்கட்டுப்பாட்டுக்காரனுக்கு இந்த மாதிரிக் கேள்வி வந்தால் சும்மா இருக்க முடியாது.

எங்கள் தொழிற்சாலையில் மெத்தைக்குள் ஸ்பிரிங்குக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஃபெல்ட் துணி விரிப்போம். கெட்டியானது, காற்றை விடாது. அதில் வீணான ஒரு துண்டைக் கொண்டுவந்தேன். மத்தியானத்தில் சகலை கடையில் இருப்பார், கொழுந்தியாள் வேலைக்குப் போயிருப்பாள், மாமனார் கண்ணயர்ந்திருப்பார். வீட்டு மருமகன் கீழே போக யாரைக் கேட்க வேண்டும்? துண்டைக் காற்றுவழியின் அளவுக்கு வெட்டி உள்ளே செருகினேன். உங்களிடம் சிக்கிய துண்டும் கச்சிதமாக வெட்டியிருந்தது என்று நீங்களே சொன்னீர்கள். நன்றி.

நல்ல தயாரிப்பு உங்களுடையது, சும்மா சொல்லக் கூடாது. ஒரே நாளில் சாகவில்லை. சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை கொடுத்துத் தானாக அணைந்துகொண்டது. நான்தான் ஓடிப்போய், "கொஞ்சம் ரெஸ்ட் கொடுங்க மாமா, சரியாயிரும்," என்று பெட்டியை நகர்த்துகிற சாக்கில் துண்டை எடுத்தேன். சரியானது. மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்குத் தெரியாத மெஷின் இல்ல," என்றார். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. மறுநாள் மறுபடி செருகினேன்.

சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு நாள் அது எழுந்திருக்கவே இல்லை. உங்களிடம் அனுப்புவதற்கு முன்னால் துண்டை எடுத்துவிட்டேன்.

என்ன காரணம் என்று என்னைத்தான் கேட்டார்கள். வீட்டில் விவரம் தெரிந்தவன் நான்தானே? பூனை முடி என்றேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னேன். முடி ஃபேனுக்குள் போயிருக்கலாம் என்றேன். கொழுந்தியாள் அழுதுகொண்டே பூனையைத் தன் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். கூடைக்குள் வைத்தபோது மாமனார் குனிந்து, "போயிட்டு வாய்யா கண்டக்டர்," என்றார். மிருகங்களிடம் இவ்வளவு பாசம் வைப்பது இந்த வயதில் நல்லதில்லை.

நீங்கள் புதுப் பெட்டி மாற்றிக் கொடுத்தீர்கள். உங்கள் நிறுவனத்தின் சேவை பிரமாதம். அதுதான் சிக்கலே.

மாமனார் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். வளைவில் பழக்க தோஷத்தில், "கண்டக்டர்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்ப்பார். என் மனைவி அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, "இடது பக்கம் காலிப்பா," என்று சொல்லத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் மேலே வருவது தூங்குவதற்கு மட்டும்தான். நான் இங்கே தனியாக, இரண்டு மடங்கு ஃபிரேமோடு உட்கார்ந்திருந்தேன். எத்தனை ஃபிரேம் ஓடினாலும், 'அடேங்கப்பா' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

இரண்டாவது பெட்டிக்குக் கொஞ்சம் தடித்த ஃபெல்ட்.

அது சீக்கிரமே போய்விட்டது. லாரி மலை ஏறிக்கொண்டிருந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், திரை இருண்டது. மாமனார் கன்ட்ரோலரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பிரேக் பிடிக்கலையே," என்றார். அந்த அவசரத்தில் துண்டை எடுக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. சகலை அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டார். துண்டில் பாதி முத்திரை இருந்தது என்கிறீர்கள். ஆமாம், எங்கள் தொழிற்சாலை முத்திரைதான். 'சோதித்துத் தேர்வானது'. என் கையால் போட்டது.

இந்தத் தடவை பூனை இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"மாமா கை அப்படி," என்றேன். "காலமெல்லாம் பெரிய ஸ்டியரிங் பிடிச்ச கை. இந்த மாதிரி நுணுக்கமான சாமானை அந்த அழுத்து அழுத்தினா எப்படித் தாங்கும்?"

கன்ட்ரோலரை அழுத்தினால் பெட்டி கெடாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சகலைக்குத் தெரியாது. மாமனாருக்கும் தெரியாது. அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் எதையும் தொடுவதில்லை. விளக்கு போட வேண்டுமானால் மகளைக் கூப்பிடுகிறார். டி.வி. ரிமோட்டைக் கண்டால் தள்ளி உட்காருகிறார். அன்றொரு நாள் யாரும் இல்லாத வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "என் கை பட்டா கெட்டுரும்மா," என்றாராம். கொழுந்தியாள் இதை என் மனைவியிடம் சொன்னாள், என் மனைவி என்னிடம் சொன்னாள், சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல் இல்லை.

அதனால்தான் அவரை இங்கே கூப்பிட்டேன். போன வாரம்தான். "வாங்க மாமா, என் மெஷின்ல ஓட்டுங்க," என்றேன். அவருக்காக நிஜ ஸ்டியரிங் மாதிரி ஒன்றுகூட வாங்கி மாட்டினேன், அதோ. மெதுவாகப் படியேறி வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார், கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. விளக்குகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை," என்றார். "நல்லா ஓடுற வண்டி. நல்லாயிருக்கட்டும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஆமாம், இரண்டையும் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் கீழே போய் அவரிடம் உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. என் கணினியைப் பற்றி இந்த வீட்டில் ஒருவர் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதைப் போய் எதற்குக் கெடுக்க வேண்டும்?

நீங்கள் ஏன் வாசலையே பார்க்கிறீர்கள்? ஓ. வாங்க மாமா. எப்போது வந்தீர்கள்? சரி, சரி, அந்த நாற்காலியிலேயே உட்காருங்கள், பரவாயில்லை.

பார்த்தீர்களா, யாரையும் கேட்காமல் தானே பட்டனை அமுக்கிவிட்டார். ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்ன செய்கிறார்? கணினியின் தலைமேல் விரிக்கிறார். மடிப்பில்லாமல், காற்றுவழி ஒன்றுவிடாமல், நாலு பக்கமும் இழுத்து இழுத்துப் போர்த்துகிறார். தூசி விழக்கூடாதாம். நான் சொன்னேனே, அவருக்கு இதன் அருமை தெரியும்.